பழைய வீடியோ டெக்கை வீட்டிலேயே ஓட வைப்பது எப்படி

பரணிலிருந்து இறக்கிய டெக்கை உடனே பிளக்கில் செருகி, கல்யாண கேசட்டை உள்ளே தள்ளிப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் காரியம். டெக்கும் கேசட்டும் சேர்ந்து நாசமாவதும் பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில்தான். இருபது வருடம் அசையாமல் இருந்த கிரீஸ் மெழுகுபோல் இறுகியிருக்கும். மோட்டார் அதை மீறி இழுக்கும்போது பிளாஸ்டிக் பல்சக்கரம் விரியும். டேப் டிரம்மை, அதாவது படத்தைப் படிக்கும் ஹெட்டுகள் பொருத்திய சுழலும் உருளையை, சுற்றியபடியே மாட்டிக்கொள்ளும். அதனால் கரண்ட் கொடுப்பது கடைசி வேலை. திறந்து பார்ப்பது, கையால் சுற்றிப் பார்ப்பது, துடைப்பது, ரப்பரை மாற்றுவது எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

இங்கே சொல்வது வி.எச்.எஸ். டெக்குகளுக்கு, அதிலும் 1980களின் நடுவிலிருந்து வந்த, முன்பக்கம் கேசட் போடும் ரகங்களுக்கு. பதிவு செய்யாமல் ஓட்ட மட்டும் செய்யும் வி.சி.பி.க்கும் இதே மெக்கானிசம்தான். பழுதானால் புதிது வாங்கிக்கொள்ளலாம் என்ற வழி இப்போது இல்லை. கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. உடைந்த ஒரு பல்சக்கரத்துக்காக இன்னொரு பழைய டெக்கையே வாங்கிப் பிரிக்க வேண்டிய காலம் இது. கைப்பதம் முக்கியம்.

என்னென்ன வேண்டும்

99 சதவீத ஐசோபிரொபைல் ஆல்கஹால் அரை லிட்டர் போதும். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதம் வேண்டாம். மீதி தண்ணீர், அது ஹெட்டிலும் பேரிங்கிலும் தங்கும். ஜப்பானியத் திருகுகளின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அது ஜே.ஐ.எஸ். ரகம், சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுதாக உட்காராது, நழுவித் தலையை அரைத்துவிடும். ஜே.ஐ.எஸ். முனை ஒன்று வாங்கிவிடுவது நல்லது. பிளாஸ்டிக்கைத் தின்னாத வெள்ளை கிரீஸ், தையல் மெஷின் எண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெய், ட்வீசர், பஞ்சுக்குச்சி, வெள்ளை ஜெராக்ஸ் தாள், மல்டிமீட்டர். துரு நீக்கும் ஸ்ப்ரேயை டெக்கின் பக்கமே கொண்டுவர வேண்டாம். அது பெல்ட்டிலும் டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலரிலும் படிந்தால் டேப் வழுக்கும். பழைய கிரீஸைக் கரைத்து, போகக்கூடாத இடத்துக்கெல்லாம் கொண்டுபோகும்.

இவற்றோடு வீணான கேசட் ஒன்று, கசங்கினாலும் கவலையில்லாதது. சோதனையெல்லாம் அதில்தான்.

திறப்பது

பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறக்கவும். டெக்கின் முன்பக்க பவர் பட்டன் பெரும்பாலான மாடல்களில் ஸ்டாண்ட்பை பட்டன் மட்டுமே, அதை அணைத்தாலும் பவர் சப்ளையில் மின்சாரம் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஸ்விட்ச்சிங் சப்ளை உள்ள டெக்கில் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று 400 வோல்ட் என்று எழுதியபடி நிற்கும். 230 வோல்ட் லைனில் அதில் சுமார் 325 வோல்ட் டி.சி. ஏறும், பிளக்கை எடுத்த பிறகும் தங்கலாம். மல்டிமீட்டரால் அளக்கவும். மிச்சம் இருந்தால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட்டட் பிளையரில் பிடித்து அதன் இரு முனைகளிலும் பத்து விநாடி வைத்து, மறுபடி அளக்கவும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது கெப்பாசிட்டருக்கும் கண்ணுக்கும் கேடு.

மேல்மூடியின் திருகுகள் பக்கவாட்டிலும் பின்னாலும் இருக்கும். எடுத்தபின் மூடியைப் பின்னால் தள்ளித் தூக்கவும். முன் பேனலைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கிகள் வயதாகி முறுகியிருக்கும், அவசரப்பட்டால் ஒடியும். ஒவ்வொரு கட்டத்திலும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக ஸ்ப்ரிங் எந்தக் கொக்கியில் மாட்டியிருந்தது என்பதை.

உள்ளே முதலில் தெரிவது தூசி, கரப்பான் முட்டை, பல்லி எச்சம். குழந்தைகள் இருந்த வீடாக இருந்தால் சில்லறைக் காசும் இருக்கலாம். மெல்லிய பிரஷ்ஷால் தள்ளி, வேக்குவம் கிளீனரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து உறிஞ்சவும். டிரம்மின் அருகே பிரஷ்ஷைக் கொண்டுபோக வேண்டாம்.

கடிகாரத்துக்காகச் சின்ன ரீசார்ஜ் பேட்டரி வைத்த மாடல் என்றால் அதை இப்போதே பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கசிந்துவிட்டது. வெட்டி எடுத்துவிட்டு, போர்டை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைக்கவும். கசிவு காரத்தன்மை உள்ளது, வினிகர் அதை முறிக்கும். பேட்டரி இல்லாவிட்டாலும் டெக் ஓடும். கரண்ட் போனால் மணி மறக்கும், அவ்வளவுதான்.

உள்ளே கேசட் மாட்டியிருந்தால்

இழுக்கக்கூடாது. லோடிங் மோட்டாரின் தண்டில் உள்ள புழுப்பல்லை, அல்லது பெல்ட் மாட்டிய புல்லியை, விரலால் மெதுவாகச் சுற்றவும். ஒரு பக்கம் சுற்றினால் டேப்பைப் பிடித்து டிரம்மின் இருபுறமும் நிற்கும் கைடுகள் கேசட்டை நோக்கி நகரும். நகராமல் இறுகினால் மறுபக்கம் சுற்றுங்கள். கைடுகள் திரும்பி வரவர டேப் தொளதொளக்கும். அந்தத் தொளதொளப்பை ரீலைத் திருப்பி கேசட்டுக்குள் சுருட்டிக்கொண்டே வர வேண்டும். அதைச் சுருட்டாமல் தொடர்ந்தால் கேசட் மேலே எழும்போது மூடி டேப்பைக் கடித்துவிடும். முழுதும் உள்ளே போனபின் அதே புழுப்பல்லைத் தொடர்ந்து சுற்றினால் கேசட்டைத் தாங்கும் கூடை மேலே எழுந்து கேசட் வெளிவரும். நூறு சுற்றுக்கு மேல் ஆகலாம்.

மாட்டாவிட்டாலும் இதே சுற்றலை ஒருமுறை செய்து பாருங்கள். எங்கே கனமாகிறது, எங்கே இலகுவாகிறது என்று விரலுக்குத் தெரியும். கனமாகும் இடத்தில்தான் கிரீஸ் இறுகியிருக்கிறது.

கிரீஸும் மோட் சுவிட்சும்

கைடுகள் ஓடும் தடங்கள், மெக்கானிசத்தை நிலைக்கு நிலை நகர்த்தும் கேம் சக்கரத்தின் பள்ளங்கள், கூடையின் பக்கச் சக்கரங்கள்: இந்த மூன்று இடத்திலும் தேன் நிறத்தில் காய்ந்த கிரீஸ் இருக்கும். ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் முழுதும் எடுத்துவிட்டு, புதிய கிரீஸை ஒரு படலமாக மட்டும் தடவவும். அதிகம் வைத்தால் அது டேப் பாதைக்கு வழியும்.

கேம் சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருந்தால் முன்னதாக மெக்கானிசத்தை எஜெக்ட் நிலைக்குக் கொண்டுவாருங்கள். சக்கரங்களில் அம்புக்குறியோ சின்னத் துளையோ இருக்கும். எது எதற்கு நேராக இருந்தது என்று படம் எடுத்து, மார்க்கரால் புள்ளியும் வைக்கவும். ஒரு பல் தவறினாலும் கைடுகள் பாதியில் நிற்கும், அல்லது பிரேக் விடாமல் ரீல் சுற்றும்.

இனி மோட் சுவிட்ச். “கேசட்டை வாங்கி உடனே துப்புகிறது”, “பிளே போட்டால் அணைந்துவிடுகிறது”, “ஒரு நாள் ஓடுகிறது, மறுநாள் ஓடவில்லை” என்று வரும் டெக்குகளில் பாதிக்கு மேல் கோளாறு இங்கேதான். மெக்கானிசம் எந்த நிலையில் இருக்கிறது என்று டெக்கின் மைக்ரோ பிராசசருக்குக் கண் கிடையாது. கேம் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இந்தச் சின்ன சுவிட்ச்தான் இப்போது எஜெக்ட், இப்போது ஸ்டாப், இப்போது பிளே என்று அதற்குச் சொல்கிறது. அதன் தொடுமுனைகள் கறுத்துப்போனால் தவறான தகவல் போகும். பிராசசர் குழம்பி மோட்டாரை நிறுத்திவிடும்.

இதை ஐ.சி. போய்விட்டது என்று நினைத்து போர்டை மாற்றியவர்கள் ஏராளம். சுவிட்சைக் கழற்றி, உள்ளிருக்கும் சுழல் தட்டு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டு, மூடியின் கொக்கிகளை நெம்பித் திறக்கவும். செப்புத் தடங்களில் கறுப்புப் படிவும் பழைய கிரீஸும் இருக்கும். ஆல்கஹாலால் துடைத்து, தேவைப்பட்டால் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்க்கவும். அழிப்பான் துகள் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது. சுழலும் விரல்களை ஊசி முனையால் இம்மியளவு உயர்த்தினால் அழுத்தம் கூடும். குறித்த அதே திசையில் மூடி, அதே நிலையில் பொருத்தவும். திறக்காமல் துளை வழியே கான்டாக்ட் கிளீனர் அடிப்பது சில மாதம் தாங்கும், அதற்குமேல் நம்ப முடியாது.

ரப்பர்

பிளே போட்டால் சில விநாடி படம் வந்து நின்றுவிடுகிறது என்றால் ஹெட்டைச் சந்தேகிக்க வேண்டாம். டேப்பைச் சுருட்ட வேண்டிய வலது ரீல் சுற்றவில்லை என்று பொருள். ரீலுக்கு அடியில் ஒரு சென்சார் சுழற்சியை எண்ணிக்கொண்டே இருக்கும். துடிப்பு வராவிட்டால், டேப் உள்ளே குவிந்து கசங்கும் முன் டெக் தானே நிறுத்திக்கொள்ளும். காரணம் தளர்ந்த பெல்ட், அல்லது வழுவழுப்பான ஐட்லர் டயர், அதாவது மோட்டாரின் சுழற்சியை ரீலுக்குக் கடத்தும் சக்கரத்தின் ரப்பர் வளையம். ஃபார்வர்டும் ரிவைண்டும் முக்கி முனகி ஓடினாலும் இதே காரணம்தான். சில ரகங்களில் ஐட்லர் பல்சக்கரமாகவே இருக்கும். அவற்றில் டயர் கிடையாது, பெல்ட்டை மட்டும் பார்க்க வேண்டும்.

பெல்ட் அளவு எடுக்க, பழையதைத் தட்டையாக மடக்கி நீளத்தை அளந்து இரண்டால் பெருக்கினால் சுற்றளவு. பழையது நீண்டிருக்கும், புதியது அதைவிட 5 முதல் 7 சதவீதம் குறைவாக இருக்கட்டும். உருகித் தாராகிவிட்டதென்றால் புல்லிகளைச் சுற்றி நூல் ஓட்டி அளந்து, அதிலும் அதே அளவு குறைக்கவும். சதுர வெட்டு பெல்ட்டுக்குச் சதுர வெட்டுதான், தடிமனும் ஒத்திருக்க வேண்டும். கட்டுப்போடும் ரப்பர் பேண்டையும் பிளம்பிங் ஓ-ரிங்கையும் மாட்டினால் அன்றைக்கு ஓடும். ஆனால் இறுக்கம் மிகுந்து மோட்டாரின் பேரிங் தேயும், அல்லது இழுவை சீராக இல்லாமல் சத்தம் அலைபாயும். சென்னை ரிச்சி தெருவில் ஆடியோ உதிரிபாகம் விற்கும் கடைகளில் டேப் ரெக்கார்டர் பெல்ட் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். அளவு கையில் இருந்தால் அதிலிருந்தே பொறுக்கலாம். உருகிய பெல்ட்டின் தாரைப் புல்லியின் பள்ளத்திலிருந்து ஒரு பொட்டுக்கூட விடாமல் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புதிய பெல்ட்டும் வழுக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தக் கறை விரலை விட்டுப் போக நாளாகும்.

ஐட்லர் டயர் கிடைக்காதபோது அதைக் கழற்றி, உள்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டினால் கொஞ்ச காலம் ஓடும். அல்லது 400 நம்பர் உப்புத்தாளில் மேல்பளபளப்பை மட்டும் எடுத்து ஆல்கஹாலால் துடைக்கலாம்.

பிஞ்ச் ரோலர் வேறு விஷயம். டேப்பைக் கேப்ஸ்டன் என்ற சுழலும் உலோகத் தண்டோடு அழுத்திப் பிடித்து, மாறாத வேகத்தில் நகர்த்துவது இதுதான். நம் ஊர் வீடியோக்களின் பால் (PAL) முறையில் அந்த வேகம் விநாடிக்கு 23.39 மி.மீ. ரோலர் இறுகிப் பளபளத்தாலோ நடுவில் குழிந்தாலோ டேப் மேலோ கீழோ ஏறும், ஓரம் சுருளும். ஓரம் சுருண்ட டேப்பை நிமிர்த்த முடியாது. சோப்பு நீர் தொட்ட துணியால் அழுக்கு வராதவரை துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். நகத்தால் அழுத்தினால் அமுங்கி மீள வேண்டும். கல்போல் இருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. கேப்ஸ்டன் தண்டைப் பஞ்சுக்குச்சியால் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, அடி பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வழிந்ததை ஒற்றி எடுக்கவும்.

டிரம்மும் ஹெட்டும்

டிரம் 62 மி.மீ. விட்டமுள்ள பளபளக்கும் உருளை; பால் முறையில் நிமிடத்துக்கு 1500 சுற்று. மேல்பாதியின் விளிம்பில் தெரியும் சின்ன இடைவெளிகளில் ஃபெரைட் ஹெட்டுகள் மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஃபெரைட் கண்ணாடிபோல் உடையும். பஞ்சுக்குச்சி இங்கே கூடவே கூடாது. நார் மாட்டி இழுத்தால் ஹெட் முனை போய்விடும்.

ஜெராக்ஸ் தாளை மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கத்தில் ஒரு கையால் தட்டையாக, லேசாக ஒற்றிப் பிடிக்கவும். தாள் அசையக்கூடாது. மறுகையின் சுத்தமான விரலால் டிரம்மை உச்சியிலிருந்து தொட்டு, மெதுவாகப் பத்து சுற்று சுற்றவும். தாளில் பழுப்பாகவோ கறுப்பாகவோ கோடு விழும். கோடு விழாத வரை தாளை மாற்றிச் செய்யுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் பெயர்ந்துவிடும், அதற்குமேல் அந்த டெக்கில் பார்க்க ஒன்றுமில்லை. காய கால் மணி நேரம் விடவும். ஈர டிரம்மில் டேப் ஒட்டிக்கொள்ளும்.

டேப் பாதையில் உள்ள மற்றவற்றை, அதாவது இடதுபக்க அழிப்பு ஹெட், நகரும் கைடுகள், சாய்ந்த கம்பிகள், டிரம்மின் கீழ்ப்பாதியில் டேப்பின் அடிவிளிம்பு உட்காரும் சாய்வுப் படி, வலதுபக்கச் சத்த ஹெட் ஆகியவற்றை, பஞ்சுக்குச்சியால் தாராளமாகத் துடைக்கலாம்.

தொடக்கூடாத ஒன்று: கைடு ரோலர்களின் தலையில் உள்ள திருகு. அது டேப்பின் உயரத்தை நிர்ணயிப்பது. பால் டேப்பில் படத்தின் ஒரு தடம் 0.049 மி.மீ. அகலம், தலைமுடியைவிட மெல்லியது. கால் திருகு திருப்பினால் தடம் தப்பும். அலைன்மென்ட் டேப்பும் ஆசிலோஸ்கோப்பும் இல்லாமல் பழைய இடத்தைக் கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு. சத்த ஹெட்டின் மூன்று திருகுகளும் அப்படியே.

ஹெட் கிளீனிங் கேசட் என்று விற்பவற்றில் உலர் ரகம் ஹெட்டைத் தேய்த்தே சுத்தம் செய்கிறது. கையால் துடைக்கத் தெரிந்த பிறகு அதற்கு வேலையில்லை.

கரண்ட் கொடுப்பது

எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்ப் போர்டு இங்கே உதவும். 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்து டெக்கைச் செருகுங்கள். பல்ப் ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், பிடுங்கிவிடவும். ஸ்விட்ச்சிங் சப்ளை குறைந்த வோல்டேஜில் திக்கித் திக்கித் தொடங்கினால் 100 வாட் பல்ப் போடலாம்.

செத்ததுபோல் கிடக்கும் டெக்கிலும், டிக்டிக் என்று சத்தம் மட்டும் வரும் டெக்கிலும், டிஸ்ப்ளே மங்கி எரியும் டெக்கிலும் முதலில் பார்க்க வேண்டியவை பவர் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். ஸ்விட்ச்சிங் சப்ளையைத் தொடக்கிவிடும் சின்ன கெப்பாசிட்டர், பெரும்பாலும் சூடாகும் ரெசிஸ்டர் ஒன்றின் அருகில் நின்று காய்ந்துபோயிருக்கும். வெளியே உப்பலோ கசிவோ தெரியாது. அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதற்கு மேற்பட்ட வோல்ட், 105 டிகிரி ரகம் போடவும். பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும். ஒரேயடியாக நாற்பதையும் மாற்றாமல் பவர் சப்ளையோடு நிறுத்திக்கொண்டு பாருங்கள். முதன்மைப் பக்கத்தில், அதாவது லைன் மின்சாரம் நேராக வரும் பகுதியில், கை வைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் கொடுப்பதில் தவறில்லை.

மூடியில்லாமல் ஓட்டிப் பார்க்கும்போது பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. வி.எச்.எஸ். டேப்பின் இரு முனையிலும் ஒளிபுகும் பகுதி இருக்கும். கேசட்டின் நடுத்துளையில் நுழையும் விளக்கின் ஒளி அதன் வழியே இருபக்கச் சென்சார்களில் பட்டால், டேப் முடிந்தது என்று டெக் எடுத்துக்கொள்ளும். மேலே டியூப்லைட்டோ வெயிலோ நேராக விழுந்தாலும் சென்சார் ஏமாறும். டெக் எந்த பட்டனுக்கும் அடங்காது. அட்டையால் நிழல் போட்டுச் சோதியுங்கள். ஆரம்பகால மாடல்களில் நடுவிலிருப்பது இன்ஃப்ராரெட் எல்.இ.டி. அல்ல, சாதாரண சின்ன பல்ப். அது பியூஸ் போனால் டெக் மொத்தமாக ஒத்துழைக்காது.

வீணான கேசட்டைப் போட்டு, பிளேயில் டார்ச் அடித்து டேப்பின் ஓரங்களைப் பாருங்கள். கைடுகளின் விளிம்பில் டேப் மடங்காமல், சுருங்காமல் ஓட வேண்டும். ஃபார்வர்ட், ரிவைண்ட், ஸ்டாப், எஜெக்ட் எல்லாம் சிலமுறை செய்தபின்தான் நல்ல கேசட்.

சத்தம் தெளிவாக இருந்து படம் முழுக்கப் புள்ளியாக வந்தால் ஹெட்டில் அழுக்கு இன்னும் இருக்கிறது. படத்தின் மேலோ கீழோ மட்டும் பட்டையாகக் கோடு நின்றால் டிராக்கிங் பட்டனைத் திருப்பிப் பாருங்கள். அதிலும் போகாவிட்டால் கைடு ஒன்று தடத்தின் கடைசிவரை போய் உட்காரவில்லை, பழைய கிரீஸ் தடுக்கும். படத்தின் உச்சி மட்டும் ஒரு பக்கமாக வளைந்தால் இடது ரீலைப் பிடிக்கும் டென்ஷன் பட்டையின் துணி தேய்ந்திருக்கலாம். சத்தம் அலைபாய்ந்தால் பிஞ்ச் ரோலர்.

பூஞ்சை பிடித்த கேசட்

கடலோர ஊர்களில், சென்னையோ நாகையோ யாழ்ப்பாணமோ, மழைக்காலம் தாண்டிய கேசட்டுகளை ஜன்னல் வழியே பார்த்தால் சுருளின்மேல் வெள்ளைத் திட்டு தெரியும். அதை நல்ல டெக்கில் போடவே கூடாது. பொடி டிரம்மில் படிந்து ஹெட்டை அடைப்பதோடு அடுத்துப் போடும் கேசட்டுகளுக்கும் பரவும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பைகளோடு இரண்டு மூன்று வாரம் வைத்து உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் டேப் நெளியும்.

உலர்ந்தபின் முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, அடிப்பக்கத்து ஐந்து திருகுகளை எடுத்துக் கேசட்டைத் திறந்து, சுருளின் விளிம்பை உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்கவும். இரண்டு ரீலையும் அப்படியே தூக்கிச் சுத்தமான வேறொரு கேசட் கூட்டில் வைத்து மூடலாம். பிறகு கழித்துக்கட்டிய டெக் ஒன்றில் முழுதும் ஒருமுறை ஃபார்வர்ட், ஒருமுறை ரிவைண்ட். அதன்பிறகே நல்ல டெக்.

வைத்திருப்பது, ஓட்டுவது

மாதம் ஒருமுறை கால் மணி நேரம் ஓட்டினால் கிரீஸ் இறுகாது, பெல்ட் ஒரே வளைவில் படியாது. உள்ளே கேசட்டை விட்டுவைக்க வேண்டாம். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைக்கும். பருத்தித் துணி போதும். ஓட்டாதபோது சுவரிலேயே அணைத்துவிடவும். ஏ.சி. அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தால் இரண்டு மணி நேரம் காத்திருங்கள். குளிர்ந்த டிரம்மில் பனித்த ஈரத்தில் டேப் ஒட்டிக் கிழியும்.

கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ உறவினர் அனுப்பிய கேசட் என்.டி.எஸ்.சி. என்ற அந்த நாட்டு டி.வி. முறையில் இருக்கும். பால் மட்டும் ஓட்டும் டெக்கில் அது சரியாக வராது. டெக்கைக் குறை சொல்லிப் பிரிக்காமல் மல்டி சிஸ்டம் டெக் தேடுங்கள். பிரான்ஸில் டி.வி.யிலிருந்து பதிந்தது என்றால் செக்காம் என்ற இன்னொரு முறை. பால் டெக்கில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். வெளிநாட்டு டெக்கையே வாங்கிவந்தவர்கள் பின்பக்கத்து வோல்டேஜைப் படித்துவிட்டுச் செருகவும்: அமெரிக்க டெக் 120 வோல்ட், ஜப்பானியது 100. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் 230-இல் போட்டால் ஒரு விநாடியில் பவர் சப்ளை போய்விடும்.